உப்பும் சீனியும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் இரண்டு வருமானமும் ஒரே நாளில் படுத்துவிடும். ஒன்று, அப்பாவின் கரிமூட்டம். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே ஓலையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை அடக்கிவைத்துக் கரியாக்கும் வேலை அது. தண்ணீர் இறங்கினால் மூட்டம் அவிந்துபோகும். வெட்டுக்கூலி, அடுக்குக்கூலி எல்லாம் மண்ணோடு போச்சு. இன்னொன்று, அம்மா ஒட்டும் தீப்பெட்டி. கோவில்பட்டியிலிருந்த தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டையும் தாளும் வேனில் வந்து இறங்கும். குரோஸ் கணக்கில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ஒட்டிய பெட்டி வெயிலில் காய்ந்தால்தான் விறைப்பாக நிற்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் பரப்பிய பெட்டிகள் பூசணம் பூத்து, கணக்குப்பிள்ளை கையால் கழிவுக் குவியலுக்குப் போகும்.

1991ஆம் வருடம் அப்படித்தான் தீபாவளி முடிந்த கையோடு வானம் பொத்துக்கொண்டது. துணிக்கடைக் கடன், பலகாரத்துக்கு வாங்கிய எண்ணெய்க் கடன், ஆபீஸில் ஏற்கனவே வாங்கிய முன்பணம் எல்லாம் தலைக்கு மேலே நின்ற நேரத்தில் செவலை படுத்தது.

செவலைக்கு அப்போது நாலு மாதம். கழுகுமலைப் பக்கம் அத்தை வீட்டில் ஈன்ற குட்டிகளில் ஒன்று. நெடுங்கால், ஒட்டிய வயிறு, கூர்மூஞ்சி. கன்னி நாயின் ரத்தம் எங்கோ கலந்திருக்க வேண்டும். எங்களுக்கு மூன்று வெள்ளாடுகள் இருந்தன. அந்த ஆடுகள்தான் எங்கள் பேங்கு. பள்ளிக்கூடம் திறந்தால் ஒன்று விலைபோகும். வீட்டில் ஆம்பளை இல்லாத ராத்திரிகளில் தொழுவைக் காக்க ஒரு குரல் வேண்டும் என்றுதான் அம்மா குட்டியை வாங்கிவந்தாள். வந்த மறுநாளே அது தொழுவுக்குப் போகாமல் என் தம்பியின் கால்மாட்டில் படுத்துக்கொண்டது. அம்மா அதை விரட்டவில்லை.

அன்றைக்குக் காலையில் வைத்த கூழை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் வாந்தி ஆரம்பித்தது. முதலில் சோறு, பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு வெறும் நுரை. ஒவ்வொரு தடவையும் விலா எலும்புகள் உள்ளே போய்த் திரும்பும். சாயங்காலம் வயிற்றால் போனது. இரவுக்குள் அதில் ரத்தம் கலந்துவிட்டது. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். சாணமும் இல்லை, பிணமும் இல்லை, துருப்பிடித்த இரும்பும் அழுகலும் சேர்ந்த ஒன்று. திண்ணை முழுக்க அது நின்றது.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனதற்குக் காரணம் ரத்தம் இல்லை. பசைச் சட்டி. தீப்பெட்டி ஒட்ட மைதா மாவில் பசை காய்ச்சுவார்கள். எலியும் கரப்பானும் அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போட வேண்டும். நீலக்கல் மாதிரி இருக்கும் அந்தத் துத்தம் விஷம். வயிற்றுக்குள் போனால் குடலைப் புண்ணாக்கி வாந்தி எடுக்க வைக்கும். ஊரில் பசி தாங்காமல் பசையை வழித்துத் தின்ற பிள்ளைகளின் கதைகள் உண்டு. “நம்ம பசையத்தான் நக்கிருச்சோ” என்று அவள் சட்டியின் ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சோறு போடும் பொருளே அதைக் கொன்றுவிட்டதோ என்ற நினைப்பு அவளை அன்று தூங்கவிடவில்லை.

தெரு கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். கோழி எலும்பு குத்தியிருக்கும், விளக்கெண்ணெய் ஊற்று என்றார் ஒருவர். மாதுளந்தோலை அரைத்துப் புகட்டு என்றாள் மேலவீட்டுப் பாட்டி. எலிக்கு வைத்த மருந்தைத் தின்னிருக்கும், பச்சை முட்டையை உடைச்சு ஊத்து என்று இன்னொருவர். மாதுளந்தோலின் துவர்ப்பு மனுசர் வயிற்றுப்போக்கைக் கட்டும் என்பது எங்கள் பக்கம் பழகிய சங்கதி. பாட்டி சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஓயாமல் வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுத்துவிடும். அம்மாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது இதே மாதிரி வாந்தியும் பேதியுமாகக் கிடந்ததும், அப்போது ஊற்றிய கஷாயமெல்லாம் அப்படியே வெளியே வந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. “வயித்துல நிக்காதத ஏன் ஊத்தணும்” என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். அரசாங்கக் கால்நடை மருந்தகம் பஸ்ஸில் போகிற தூரம். செவலையைப் பழைய ஓலைப்பெட்டியில் சேலைத்துணி போட்டுக் கிடத்தி, மேலே துண்டால் மூடினோம். கிளம்பும் முன் அம்மா ஒரு காரியம் செய்தாள். வாந்தி பட்ட துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ரத்தம் கலந்த பேதியை ஈர்க்குச்சியால் கொஞ்சம் எடுத்து, தான் ஒட்டிய தீப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடி, அதையும் முந்தானையில் முடிந்தாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். கண்டக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். இறக்கிவிடப் போகிறார் என்று நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

மருந்தக வாசலில் காளைகளும் கறவை மாடுகளும் ஆடுகளும் நனைந்துகொண்டு நின்றன. கோமாரி கண்ட மாட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கியது. டாக்டர் நடுவயது மனுசர். பெட்டியைக் கண்டதும் கூப்பிட்டுவிட்டார். குட்டியைத் தொடும் முன்னால் கேள்விகள். எத்தனை மாசம், ஊசி போட்டிருக்கா, கூடப் பிறந்ததுக எப்படி இருக்கு, வாந்தி என்ன நிறம்.

அம்மா தீப்பெட்டியை நீட்டினாள்.

அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவையே கொஞ்சநேரம் பார்த்தார். “நல்ல காரியம் செஞ்சீங்க” என்றார். துணியை விரித்தார். “துத்தம்னா வாந்தி நீலமும் பச்சையுமா இருக்கும். இது வெறும் பித்தம். உங்க பசை இல்லம்மா.” குட்டியின் வாயருகே குனிந்து முகர்ந்தார். எலி மருந்தில் இருக்கும் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டால் பூண்டு வாடை அடிக்கும் வாயுவாக மாறும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் தேடியது அந்த வாடையை. அது இல்லை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 104. நாய்க்கு 101, 102 இருந்தால் அது சாதாரணம். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார், வெளுத்த இடம் சிவக்க நேரமானது. தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார். தோல் கீழே இறங்காமல் கூடாரமாக நின்றது.

“பிள்ளைகளுக்கும் இப்பிடித்தானய்யா வயித்துத் தோலக் கிள்ளிப் பாப்பாக” என்றாள் அம்மா.

“ஆமா. ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தான். உடம்புத் தண்ணி வத்திப்போச்சு.”

நோயின் பேரை அன்றுதான் கேட்டேன். பார்வோ. எங்கள் தாத்தா காலத்து நாய்களுக்கு இந்த நோயே தெரியாது. 1978ல்தான் உலகம் இதை அடையாளம் கண்டது. பூனைகளிடம் வரும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு. இரண்டே வருடத்தில் கண்டம் கண்டமாகப் பரவி, எதிர்ப்புச் சக்தியே இல்லாத நாய்களை வாரிக்கொண்டு போனது. 1980களின் தொடக்கத்தில் சென்னையிலும் கண்டுபிடித்தார்கள். குடலின் உள்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அந்தப் புதுச் செல்கள் பிறக்கும் குழிகளையே இந்தக் கிருமி தின்றுவிடும். உள்தோல் உரிந்து ரத்தத்தோடு வெளியேறும். எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் நோயோடு போராடும் வெள்ளணுக்களும் விழுந்துவிடும். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகள்தான் அதிகம் சாகும்.

டாக்டர் இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. “கிருமியக் கொல்ல மருந்து கிடையாது தாயி. குட்டி தானாத்தான் ஜெயிக்கணும். அதுவரைக்கும் தண்ணி வத்தாமப் பாத்துக்கிட்டா, நாலஞ்சு நாள் தாண்டிட்டா, பிழைச்சுக்கும். தாண்டாமலும் போகலாம்” என்றார். ஒளிக்காமல் சொன்னார். பிறகு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, “கையில எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

அம்மா முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பஸ்ஸுக்கு எடுத்துவைத்தது போக மிச்சம் எவ்வளவு என்று அவரும் சேர்ந்து எண்ணினார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு சீட்டு எடுத்தார். முதலில் சலைன். ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள், ஊசி, குழாய். இரண்டாவது, வாந்தியை நிறுத்தும் ஊசி. மனுசருக்குப் போடுவதுதான், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். மூன்றாவது, உரிந்த குடல் வழியாக வேறு கிருமிகள் ரத்தத்தில் ஏறாமல் இருக்க ஆன்டிபயாடிக். அது மருந்தகத்திலேயே இருந்தது. “டானிக், விட்டமின் எல்லாம் அடிச்சிட்டேன். அதெல்லாம் பிழைச்ச பிறகு பாத்துக்கலாம். காசு பத்தலன்னா கீழருந்து விடுங்க. மேல இருக்கிற சலைன மட்டும் விட்டுராதீங்க.”

வைத்தியத்தில் இதைவிடப் பெரிய கருணை ஒன்றை நான் பார்த்ததில்லை. காசில்லாதவரிடம் காசு எவ்வளவு என்று நேராகக் கேட்டு, அந்தக் காசில் உயிரைப் பிடித்துவைக்கக் கூடியது எது என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது. முழுச் சீட்டையும் நீட்டியிருந்தால் அம்மா அதை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு அப்படியே ஊருக்குத் திரும்பியிருப்பாள். ஏழை வீடுகளில் பிராணிகள் சாவது பாசக் குறைவால் என்று பேசுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எல்லாவற்றையும் வாங்கு, இல்லையென்றால் எதையும் வாங்காதே என்று சொல்லும் சீட்டினால் செத்த உயிர்கள் எத்தனையோ.

வேப்பமரக் கிளையில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பவுண்டர் முன்னங்காலில் நரம்பு தேடினார். ரத்தம் வற்றிய குட்டிக்கு நரம்பு அகப்படவில்லை. டாக்டர் எழுந்து வந்து பிடித்துக் கொடுத்தார். ஊசி நழுவாமல் காலை நீட்டிப் பிடித்திருப்பது என் வேலை. மேலே ஓலைக்கொட்டகை ஒழுகியது, அம்மா ஓலைப்பெட்டி மூடியைக் குடையாகப் பிடித்தாள். காளை கொண்டுவந்திருந்த பெரியவர் ஒருவர், “நாய்க்கா குளுக்கோஸு ஏத்துறீக?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார். கொஞ்சநேரத்தில் எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முதுகில் போர்த்திவிட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியதை டாக்டர் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவைத்தார். வாந்தி நிற்கும்வரை வாய்வழியாகச் சோறும் கூடாது, தண்ணீரும் கூடாது. சலைனைத் தோளுக்கு நடுவே தோலுக்கடியில் ஏற்றலாம், பக்கத்து ஊரிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து போட்டுவிடுவார். ஏற்றும் முன் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். வாந்தி நின்று அரைநாள் கழித்து உப்பு சர்க்கரைக் கரைசல், கரண்டிக் கணக்கில். பால் கூடவே கூடாது. பேதியைக் கழுவ பினாயில் பிரயோசனமில்லை, பிளீச்சிங் பவுடர்தான் இந்தக் கிருமியைச் சாகடிக்கும்.

மறுநாளைய சலைனுக்குக் காசில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டி, தீபாவளி முன்பணமே கழியவில்லை என்றார். எதுக்கு என்று கேட்டதற்கு அம்மா பிள்ளைக்கு என்று பொய் சொல்லவில்லை. “நாய்க்கு வைத்தியம்” என்றாள். அங்கிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தை மாதம்வரை வாரத்துக்கு இவ்வளவு குரோஸ் கூடுதலாக ஒட்டித் தருவதென்று பேசி வாங்கிவந்தாள். அந்தக் கூடுதல் குரோஸை ராத்திரியில் நானும் தம்பியும் சேர்ந்து ஒட்டினோம். எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோருமே அப்படி ஒட்டிய காலம்தான் அது. அது சரியில்லை என்று இப்போது தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகளை ஒட்டியபோது ஒருநாளும் எனக்கு அலுப்புத் தோன்றியதில்லை.

அப்பா நனைந்து வந்து சேர்ந்தபோது மூட்டம் அவிந்த சங்கதியையும், நாய்க்காகக் கடன் வாங்கிய சங்கதியையும் இருவரும் ஒரே மூச்சில் பரிமாறிக்கொண்டார்கள். அப்பா திண்ணைக்குப் போய்ச் செவலையைத் தொட்டுப் பார்த்தார். “சில்லுனு இருக்குடி” என்றார். தண்ணீர் வற்றிய குட்டிக்கு உடம்புச் சூடும் இறங்கிவிடும். அவிந்த மூட்டத்திலிருந்து தேறிய கரியைச் சட்டியில் பற்றவைத்து, காற்றோட்டமான திண்ணையில், குட்டிக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். ராத்திரி முழுக்க கனலைக் கிளறிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்றால் காசாகும் கரி அது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணித்தொட்டி மோட்டார் போடும் அண்ணன் பஞ்சாயத்து பிளீச்சிங் பவுடரில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் கரைத்துத் திண்ணையையும் வாசலையும் கழுவிக்கொண்டே இருந்தாள். கை தோல் உரிந்து வெள்ளையாகிப்போனது.

கம்பவுண்டர் வந்து தோலுக்கடியில் சலைன் ஏற்றியதும் குட்டியின் முதுகில் ஒரு திமில் எழும்பும். அடுத்த வேளைக்குள் அது மெல்ல வடிந்து உடம்புக்குள் போய்விடும். திமில் வடிகிற வேகத்தை வைத்தே அம்மா நிலைமையைச் சொல்வாள். ஒருநாள் ராத்திரி திமில் வடியவே இல்லை. அன்று அவள் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. விடியும்போது லேசாகத் தொய்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் வாந்தி நின்றது.

கரைசலை எப்படிக் கலப்பது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தம்பி படுத்த காலத்தில் பால்வாடி டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு சின்னக் கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. அதே அளவு, அதே கரண்டி. கடைவாய் ஓரமாக ஒரு கரண்டி விட்டுவிட்டுக் கால்மணி நேரம் காத்திருப்பாள். நின்றால் அடுத்தது.

பெரியவனாகி அந்தக் கரைசலின் கதையைப் படித்தபோது எனக்குள் என்னவோ செய்தது. 1971ல் வங்கதேசப் போரின்போது, எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவுக்காரர்களே நோயாளிகளுக்குப் புகட்டட்டும் என்று விட்டார். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடல்சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். முகாமில் ஒரு டாக்டர் துணிந்து செய்தது பால்வாடி வழியாக எங்கள் திண்ணைக்கு வந்து, தம்பியைக் கடந்து, ஒரு நாய்க்குட்டி வரைக்கும் சேர்ந்திருக்கிறது. பார்வோவுக்கு இது மட்டும் போதாது. குடல் உரிந்திருக்கும்போது வாய்வழித் தண்ணீர் நிற்காது, ஊசிவழிதான் முதலில். ஆனால் எங்கள் வீட்டில் மூன்றாவது பாட்டிலுக்கு மேல் வாங்கக் காசில்லை. மிச்சத் தூரம் முழுக்க கடந்தது அந்தக் கரண்டியில்தான்.

செவலை ஒரு மத்தியானம் கரண்டியைத் தானாக நக்கியது. அம்மா “ஏ, நக்குதுடா!” என்று கத்தியதில் தெருவே வந்துவிட்டது. பிறகு தெளிந்த வடிகஞ்சி, அடுத்து குழைந்த சோறு, கடைசியாக அவித்த முட்டையின் வெள்ளை. அந்த முட்டையை மேலவீட்டுப் பாட்டி கொண்டுவந்து கொடுத்தாள். முதல்நாள் பச்சை முட்டை ஊற்றச் சொன்னவரும் கூட நின்று பார்த்தார்.

எடுத்துவந்த இடத்தில் செவலையின் கூடப்பிறந்த குட்டிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று அத்தை சொல்லியனுப்பினாள். டாக்டரிடம் காட்டப் போனபோது, தடுப்பூசியை ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்து நாலு மாதம்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்றும், நோய் கண்ட மண்ணில் கிருமி ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும் என்றும் சொன்னார். அதனால் அடுத்த ஆவணியில் கீழத்தெரு மதினி புதுக்குட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா படியிலேயே மறித்துவிட்டாள். மதினிக்கு மூஞ்சி சுண்டிவிட்டது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அவளோடு நடந்து அவள் வீட்டுக்கே போனாள். போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்: “நாளைக்கே கூட்டிட்டுப் போயி ஊசி போட்ரு மதினி. காசில்லன்னா ஆபீஸ்ல நான் சொல்லி வாங்கித் தாரேன். தப்பித்தவறி வாந்தி வந்துச்சுன்னா ஆளாளுக்குச் சொல்றத வாயில ஊத்தாத. ஒரு தீப்பெட்டிய எடுத்துக்கோ, அதுல கொஞ்சம் வச்சு டாக்டர்கிட்டக் காட்டு. சீட்டு எழுதுறதுக்கு முன்னாடியே கையில இருக்கிறத எண்ணிச் சொல்லிரு.”